மணற்பாதையும் சனிக்கிழமை மாத்திரையும்

வேளாங்கண்ணி மண்ணை ஒருமுறையேனும் மிதிக்காத கத்தோலிக்கக் குடும்பம் நம் பங்குகளில் இருக்குமோ என்பது ஐயமே. பிள்ளைப்பேற்றுக்காகவும், பிள்ளையின் தேர்வுக்காகவும், கடன் தீர்வதற்காகவும், கடல் கடந்து வேலைக்குச் சென்ற மகன் நலமாய்த் திரும்புவதற்காகவும் நாம் அந்தக் கடற்கரையை நாடிச் செல்கிறோம். குருப்பட்டம் பெற்ற நாள் முதலாய் நானும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சென்று வருகிறேன். பெரும்பாலும் ஒரு பேருந்து நிறைய மக்கள் உடன் வருவார்கள். வழிநெடுகச் செபமாலையும் பாட்டும் முழங்கும். ஆனால் 2024 சனவரி 26, குடியரசு நாள் விடுமுறையன்று, நாங்கள் நால்வர் மட்டுமாய்ச் சென்று வந்த பயணமே என் நெஞ்சில் ஆழப் பதிந்து நிற்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவள் தாய், அவளுடைய அப்பாயி, நான். தந்தை சரக்கு லாரி ஓட்டுபவர். அவ்வாரம் வடக்கே சென்றிருந்தார். அப்பாயி ஒரு பொருத்தனை செய்திருந்தார். அதை நிறைவேற்றும்போது பங்குச்சாமி அருகில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தி அழைத்தார். என்ன பொருத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திருச்சிச் சந்திப்பில் காலையில் இரயில் ஏறினோம். தாய் சன்னலோர இருக்கையைக் குழந்தைக்குக் கொடுத்தாள். ஆனால் அவளை அங்கே நீண்ட நேரம் அமரவிடவில்லை. பூதலூரில் எழுப்பி ஒரு நடை, தஞ்சையில் ஒரு நடை, நீடாமங்கலத்தில் ஒரு நடை என்று இருக்கைகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிவந்தாள். எதிரே இருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளையைச் சும்மா உட்கார விடேன் அம்மா" என்றார். தாய் சிரித்து வைத்தாள். பல ஆயிரம் முறை கேட்ட சொல்லுக்குச் சிரிக்கும் சிரிப்பு அது. அரைமணி நேரம் அசையாதிருந்தால் குழந்தையின் முழங்கால் துருப்பிடித்த கீல்போல் இறுகிவிடும் என்பதை வழிப்பயணி எவ்வாறு அறிவார்?

கொரடாச்சேரி தாண்டியதும் அப்பாயி பொட்டலத்தை அவிழ்த்தார். எலுமிச்சைச் சோறு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்களில் நீர் கோத்தது. "மஞ்சள்" என்றாள். தாய் பேசாமல் வேறு டப்பாவைத் திறந்து தயிர்ச்சோற்றை எடுத்துக் கொடுத்தாள். அறுவடைக்கு நின்ற சம்பா வயல்கள் வெளியே பொன்னிறமாய் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்ப்பதில் அவளுக்குத் தடையில்லை. உண்ணும் பொருள் மஞ்சளாயிருப்பதுதான் தாளவில்லை. அதன் காரணத்தைத் தாய் தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கினாள்.

அக்குழந்தைக்கு ஐந்து வயதில் இடது முழங்கால் வீங்கியது. அடிபட்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்தார்கள். நீவிவிடுபவர் ஒருவரிடம் கொண்டுசென்றார்கள். பின்னர் வலது கணுக்காலும், இரு மணிக்கட்டுகளும் வீங்கின. கீல்வாதக் காய்ச்சலாயிருக்கலாம் என்று ஓரிடத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்டார்கள். அக்காய்ச்சலில் வலி ஒரு மூட்டைவிட்டு மறு மூட்டுக்குத் தாவும். இவளுக்கோ வந்த வீக்கம் வந்த இடத்திலேயே மாதக்கணக்கில் குடியிருந்தது. ஓராண்டு அலைந்தபின் பெருநகர மருத்துவமனை ஒன்றில் பெயர் சொன்னார்கள்: சிறார் மூட்டழற்சி. பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கும், வேறு காரணம் காணப்படாத மூட்டு வீக்கத்துக்கு மருத்துவ உலகம் இன்று வழங்கும் பெயர் அது. கிருமியால் வருவதன்று, தாயின் உணவுக் குறையால் வருவதுமன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தடம் மாறித் தன் மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. இலண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற மருத்துவர் 1897-இலேயே இத்தகைய 22 குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயினும், "வாதம் கிழவர்களுக்கல்லவா வரும்?" என்ற கேள்வியை இத்தாய் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒருநாள் மட்டுமே கொடுக்கவேண்டியது; நாள் தவறி நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஊறு. ஆகவே சுவர் நாட்காட்டியில் சனிக்கிழமைகளையெல்லாம் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். மாத்திரை சிறியது, மஞ்சள் நிறம். விழுங்கியபின் குமட்டல்; சில வாரங்களில் வாந்தி. நாளடைவில் மாத்திரையைக் கண்டாலே குமட்டல். அப்புறம் மஞ்சள் நிறத்தில் எதைத் தின்னக் கொடுத்தாலும் குமட்டல். பள்ளி நாள் வீணாகக்கூடாது என்று சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டார்கள். வாந்தி எடுத்து வாடிக்கிடக்கும் நாள் ஞாயிறாக அமைந்துவிட்டது.

இவ்விடத்தில் என் குற்றத்தைச் சொல்லவேண்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இச்சிறுமியின் பெயருக்கு நேரே வராமைக் குறிகள் மிகுந்திருந்தன. வந்த நாட்களிலும் காலைத் திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிடாமல் தாயின்மேல் சாய்ந்து நிற்பாள். அதே சிறுமி மாலையில் கெபியைச் சுற்றி மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடுவதையும் நான் கண்டிருக்கிறேன். 2022-இல் ஒரு நாள், எல்லார் முன்னிலையிலும், "விளையாடக் கால் இருக்கிறது, ஆண்டவருக்கு முழந்தாளிடக் கால் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பள்ளியில் ஆசிரியை ஒருவரும் நடிப்பு என்றே சொன்னாராம். இந்நோயின் இயல்பே அதுதான்: காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும், ஒரு மணி, இரண்டு மணி கழித்து மெல்ல இளகும், மாலையில் பார்ப்பவனுக்கு நோயே தெரியாது. காலையில் பார்த்த சாமியும் மாலையில் பார்த்த சாமியும் ஒருவரேயாதலால் குழந்தை பொய்க்காரி ஆனாள். அன்று தாய் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மருத்துவச் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கீழ்வேளூர், சிக்கல் கடந்து நாகையில் இறங்கினோம். நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே 2010 முதல் இரயில் பாதை உண்டு. எனினும் கிடைத்த பேருந்தில் ஏறினோம். தூரத்தே வெண்கோபுரங்கள் தெரிந்ததும் அப்பாயி கைகூப்பினார். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பேராலயமாக உயர்த்திய அந்த ஆலயத்தைக் காணுந்தோறும் எனக்கு என் தாயின் நினைவு வரும். அது வேறு கதை.

மாலையில் காணிக்கைப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள காட்சிக்கூடத்தைச் சுற்றினோம். வெள்ளியில் செய்த கண்கள், கைகள், கால்கள். நன்றி எழுதிய தாள்கள். வெள்ளிக்கால் ஒன்றின் முன் குழந்தை நின்று, தன் கால்களைக் குனிந்து பார்த்து, "இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டாள். வீங்கிய முழங்காலுக்கு இரத்த ஓட்டம் மிகுவதால் அந்தக் கால் சற்றே வேகமாய் வளர்ந்துவிடுவதுண்டு. இவளுக்கு இடதுகால் சிறிது நீளம். வலது செருப்பின் அடியில் ஒரு தோல் துண்டு கூடுதலாய் ஒட்டியிருக்கிறார்கள். தாய் பதில் சொல்லவில்லை. அன்று மாலை முழுவதுமே அவள் பேச்சு குறைந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்குத் திருப்பலிக்குப் புறப்பட்டபோது விடுதித் தாழ்வாரத்தில் தாய் ஒரு வாளி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடற்காற்று குளிர்ந்து வீசியது. அறைக்கதவு திறந்திருந்தது. குழந்தை விழித்திருந்தாள், ஆனால் எழவில்லை. முழங்கால்கள் மடங்கியபடி ஒருக்களித்துக் கிடந்தாள். "தலையணையைக் காலுக்கடியில் வை அம்மா" என்று கெஞ்சினாள். "வைத்தால் மடங்கியே நின்றுவிடும் கண்ணே, மருத்துவர் சொன்னாரல்லவா" என்று சொல்லித் தாய் வெந்நீரில் நனைத்த துணியை முழங்காலில் சுற்றினாள். பிறகு தூக்கிக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினாள். பிறகு ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு மூட்டாக மெல்ல மடக்கி நீட்டினாள். நான் ஆறு மணித் திருப்பலியை முடித்துத் திரும்பும்போதுதான் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். மூன்று ஆண்டுகளாக விடியற்காலம் இப்படித்தான். முழந்தாளிடச் சொன்ன எனக்கு அத்தாழ்வாரத்தில் நிற்கக் கூசியது.

எட்டரை மணிக்குப் பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையின் தொடக்கத்தில் நின்றோம். முழந்தாளில் ஊர்ந்து செல்லும் பக்தர்கள் அப்பாதையில் என்றும் உண்டு. அன்றும் இளைஞர் ஒருவர் செபமாலையோடு ஊர்ந்துகொண்டிருந்தார். அப்பாயி குழந்தையின் கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, "முட்டி போடு பாப்பா. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ இந்தப் பாதையை முட்டியாலே கடந்தால் நோய் மணலோடு போய்விடும்" என்றார்.

அதுவே பொருத்தனை.

குழந்தை தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. பிறகு குனியத் தொடங்கினாள். நான் அவள் தோளைப் பற்றி நிறுத்தினேன்.

"வாக்கு மாறினால் குற்றமாகாதா சாமி?" என்று அப்பாயி பதறினார். அவருடைய அச்சம் பொய்யன்று. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் நேர்ந்துகொண்ட பிள்ளைக்கே தீங்கு வரும் என்று கேட்டு வளர்ந்தவர். பாதையோரத்தில் அமரச்செய்து சொன்னேன். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்றபோது எனக்கு அதில் பெரிய நாட்டம் இருந்ததில்லை; ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1193-ஆம் சட்டம் அன்று எனக்குக் கைகொடுத்தது. பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். பாட்டி நேர்ந்தது பேத்தியைக் கட்டாது. பாட்டியைக் கட்டிய பகுதியையும் தகுந்த காரணம் இருப்பின் தளர்த்தவோ மாற்றவோ பங்குக்குருவுக்கு 1196, 1197-ஆம் சட்டங்கள் அதிகாரம் தருகின்றன. தாழ்வாரத்தில் விடியற்காலையில் கண்டதைவிடத் தகுந்த காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. "அப்பாயி, உங்கள் நேர்ச்சையை மாற்றித் தருகிறேன். இன்றிலிருந்து நாற்பது நாள், விடியற்காலையில் வெந்நீர் வைப்பதும் பிள்ளையின் மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் உங்கள் வேலை. மருமகள் அதுவரை உறங்கட்டும்" என்றேன்.

அப்பாயி நெடுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா ஏற்றுக்கொள்வார்களா?" என்றார். "ஏற்றுக்கொள்வார்கள்" என்றேன்.

அத்துடன் முடிந்தது என்று எண்ணினேன். தாய் கைப்பையிலிருந்து சிறிய பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே மாத்திரைகள். "இரண்டு சனிக்கிழமை கொடுக்கவில்லை சாமி. இங்கே அம்மா பாதத்தில் வைத்துவிட்டு இனித் தொடுவதில்லை என்று நான் நேர்ந்துகொண்டேன். மூன்று நாளாக முழங்கால் சுடுகிறது. அவள் வாந்தி எடுப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை." சிறிது நின்று கேட்டாள்: "மோர் விற்ற அந்தப் பையனுக்கு எந்த மாத்திரை கொடுத்தார்கள்?"

வாசகர்கள் அந்த வரலாற்றை அறிவார்கள். நடுத்திட்டில் ஆலமர நிழலில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் அன்னை தம் மகனுக்கு மோர் கேட்டதும், நாகையிலுள்ள செல்வந்தரிடம் சென்று சொல்லும்படி பணித்ததும், அவன் எழுந்து ஓடியதும் நம் மரபில் வழிவழியாய் வருபவை. அதை நான் எத்தனையோ முறை மேடையில் பேசியிருக்கிறேன். மோர் விற்றவனுக்குக் கிடைத்தது இவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று என்னிடம் நேருக்கு நேர் கேட்ட முதல் ஆள் இத்தாய்தான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். "என் விசுவாசம் போதவில்லையோ?" என்றாள். அதற்கு மட்டும் விடை இருந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை இதே கடற்கரையில் புகுந்து நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுள் அன்னையை நாடி வந்த யாத்திரிகர் பலர். அவர்களுடைய விசுவாசம் குறைந்தது என்று சொல்ல எந்தக் குருவுக்கும் துணிவு வராது. அதையே அவளிடம் சொன்னேன்.

அவளுடைய நேர்ச்சைக்கு விலக்குக்கூடத் தேவைப்படவில்லை. பொருத்தனை என்பது இயலக்கூடிய, மேலான ஒரு நன்மையைக் கடவுளுக்கு வாக்களிப்பது. குழந்தையின் மருந்தை நிறுத்துவது மேலான நன்மையன்று. ஆகவே அது தொடக்கத்திலேயே பொருத்தனையன்று. மருத்துவனையும் மருந்தையும் ஆண்டவரே தந்தார் என்று சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் கூறுவதையும் நினைவூட்டினேன். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, மருத்துவரிடம் உடனே பேசச் சொன்னேன். அங்கேயே அலைபேசியில் பேசினாள். தவறிய இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டாம், இன்றிரவு வழக்கமான அளவைக் கொடுங்கள், குமட்டலைத் தணிக்க முன்கூட்டியே ஒரு மருந்து எழுதித் தருகிறேன் என்றார் மருத்துவர். குமட்டலைப் பற்றி இத்தாய் அவரிடம் இதுவரை வாய் திறக்கவே இல்லையாம்! மருந்தைக் குறை கூறினால் கோபிப்பார் என்று அஞ்சியிருக்கிறாள். இதனோடு நாள்தோறுமோ, அவர் சொன்னபடியோ ஃபோலிக் அமிலம் கொடுத்தால் வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும் என்பதும், மாத்திரை ஒத்துக்கொள்ளாவிடில் அதையே ஊசியாகப் போடலாம் என்பதும், அதுவும் போதாதவர்களுக்கு 1999 முதல் புதுவகை ஊசிகள் வந்திருப்பதும் அன்றுதான் அவள் காதில் விழுந்தன. அந்த ஊசிகளின் விலை வேறு விசாரம். நாட்டுப்பொடி எதுவும் கொடுக்கவில்லையே என்றும் கேட்டாராம். சில பொடிகளில் ஸ்டீராய்டு மறைவாய்க் கலந்திருக்கும், அது வீக்கத்தை வற்றச்செய்து பிள்ளையின் வளர்ச்சியைக் குன்றச்செய்யும். அப்பாயி வேறுபக்கம் பார்த்தார்.

நடுத்திட்டுச் சிற்றாலயத்தில் சிறிது நேரம் செபித்தோம். வெளியே வந்து கடையில் நான்கு குவளை மோர் வாங்கினேன். குழந்தை குடித்துக்கொண்டே, "அந்த அண்ணனுக்குக் காலையில் மட்டும் வலித்ததா சாமி, நாள் முழுவதுமா?" என்று கேட்டாள். அது யாரும் எழுதி வைக்காத செய்தி. "தெரியவில்லை பாப்பா" என்றேன். அவள் யோசித்து, "காலையில் மட்டும் வலித்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்" என்றாள். நான் குவளையைக் கீழே வைத்துவிட்டு, 2022-இல் கோயிலில் சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுத் தாயின் பின்னே ஒளிந்துகொண்டாள். எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல் அது. ஆகவே மறைக்கல்வி வகுப்பிலும் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

கடலோரம் சென்றபோது வெயில் ஏறியிருந்தது. ஈரமணலில் குழந்தை ஓடினாள்; அலை வந்து தொடுமுன் திரும்பி ஓடிவந்தாள். அந்நேரத்தில் பார்ப்பவர் யாரும் இவளை நோயாளி என்று சொல்லார். ஓடட்டும் என்றே மருத்துவர்களும் சொல்கிறார்கள்; வீக்கம் தணிந்த நாட்களில் நீச்சலும் மிதிவண்டியும் மூட்டுக்கு நல்லவையாம். "பிள்ளையை ஓடவிடாதே" என்று முன்னர்ச் சொன்ன உறவினரை எண்ணித் தாய் சிரித்தாள். முந்திய மாலை முதல் அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு அடுத்த கவலையைச் சொன்னாள்: செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனை. இந்நோய் சிறுபிள்ளைகளின் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். கண் சிவக்காது, வலிக்காது, குழந்தை ஒன்றும் சொல்லாது, பார்வை மட்டும் உள்ளே மெல்லக் கெடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் பார்க்கிறார்கள். வெள்ளிக் கண்களை அவள் முந்திய நாள் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஞாயிறு, நான் பங்கில் இருந்தாகவேண்டும். நாகைக்கு வந்து, மருத்துவர் சொன்ன குமட்டல் மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாலை வண்டியில் ஏறினோம். திருவாரூரில் இருட்டிவிட்டது. அப்பாயி குழந்தையைத் தம் எதிரே அமர்த்தி, முழங்காலை மடக்கி நீட்டப் பழகிக்கொண்டிருந்தார். எத்தனை முறை என்று மருமகளிடம் கேட்டார். பத்து என்றாள். அப்பாயி இடக்கையில் செபமாலையை எடுத்து, ஒரு மடக்குக்கு ஒரு மணியாகத் தள்ளினார். பத்து முடிந்ததும் பெரிய மணி வந்தது. அங்கே கொஞ்சம் ஓய்வு.

தஞ்சையில் வண்டி சற்று நேரம் நின்றது. இட்லி வாங்கினோம். குழந்தை சாப்பிட்டு முடித்தபின் தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். மாத்திரையைக் கண்ணில் காட்டாமல் வாழைப்பழத் துண்டுக்குள் வைத்தாள். குழந்தைக்கு அது தெரியும். தெரிந்தே வாய் திறந்தாள். கண்களை இறுக மூடி விழுங்கினாள். தாய் கைப்பையிலிருந்து சிறு நாட்காட்டியை எடுத்து 27-ஆம் தேதியை வட்டமிட்டாள். "நாளைக்குப் பூசைக்கு வரமாட்டேன் சாமி, வாந்தி வந்தால்" என்றாள் குழந்தை, தூக்கக் கலக்கத்தில்.

"வராவிட்டால் நான் வீட்டுக்கு வருகிறேன்" என்றேன். பூதலூரில் யாரும் அவளை எழுப்பி நடத்தவில்லை; தாயின் மடியில், கால்களை நீட்டியபடி உறங்கிக்கொண்டிருந்தாள்.